கிளாக்கரை யார் உதைப்பார்கள்?

ஹாரி முருகேசு இறந்துவிட்டார் என்ற செய்தியை நாங்கள் உடனே நம்பவில்லை. அவர் உயிரோடு இருந்த காலத்தில் அவரைப் பற்றிச் சொல்லப்பட்ட எதையுமே நம்பாதவர்கள், இதை மட்டும் எப்படி நம்புவது?

மாசி மாதம், நல்ல குளிர். செவன் கிங்ஸிலிருந்து எங்கள் விளையாட்டு ஒன்றியத்தின் தலைவர் அருளானந்தம் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐசே, ஹாரி முடிஞ்சுதாம்."

"ஆர் சொன்னது?"

"மகள் எடுத்துச் சொன்னவ."

"மகள்தான் எண்டு என்னெண்டு தெரியும்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்" என்றார் அருளானந்தம். இருவரும் சற்று நேரம் மௌனமாக இருந்தோம். அதை மௌன அஞ்சலி என்று இப்போது எழுதலாம். அப்போது அது விசாரணையின் ஒரு பகுதியாக இருந்தது.

அன்று மாலை தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் போனது. அந்த அறிவித்தலுக்கு ஒரு வாய்பாடு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று தொடங்கும். மகள் ஷீலா, உள்ளதை உள்ளபடி, "லண்டனைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட" என்று கொடுத்திருந்தார். வானொலி நிலையத்துக்கு நேயர்கள் வரிசையாக அழைத்துப் பிழையைச் சுட்டிக்காட்டினார்கள். எழுபது வயது தாண்டிய தமிழர் ஒருவர் லண்டனில் பிறந்திருக்க முடியாது என்பது அவர்களுடைய வாதம். அடுத்த ஒலிபரப்பில் "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும்" என்று திருத்திவிட்டார்கள். இறந்த பிறகு எங்கள் சமூகம் ஹாரி அண்ணைக்குச் செய்த முதல் மரியாதை, அவருடைய பிறப்பை மாற்றியதுதான்.

நீங்கள் எல்லோரும் அவரைக் கண்டிருப்பீர்கள். ஆடி மாத வெயிலிலும் நீண்ட கறுப்பு மேலங்கி போட்டுக்கொண்டு, எங்கள் வருடாந்த உதைபந்தாட்டப் போட்டியில், வலது கரைக்கோட்டுக்கு வெளியே தனியாக நிற்பார். கறுத்த, ஒல்லியான மனிதர். வாய் திறந்தால் தென் லண்டன் டெப்ட்ஃபர்ட் சந்தை ஆங்கிலம். தமிழும் பேசுவார். ஆனால் அது நாங்கள் பேசுகிற தமிழ் அல்ல. நீராவிக் கப்பலில் கரி அள்ளியவர்கள் பேசிய தமிழ். அவருடைய தகப்பனும், தகப்பனின் கப்பல் நண்பர்களும்தான் அவருக்கு ஆசிரியர்கள். எது வசை, எது வாழ்த்து என்று அவர்கள் பிரித்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. லூயிஷாம் சிவன் கோயிலில் அவர் குருக்களிடம் மிகுந்த பணிவோடு சுகம் விசாரித்தபோது பயன்படுத்திய ஒரு சொல்லை எங்கள் ஒன்றியத்தின் இந்த மலரில் அச்சிட முடியாது.

எங்கள் போட்டியின் வழக்கத்தை வெளியாட்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அணியும் ஊரில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தின் அல்லது கிராமத்தின் பெயரில் விளையாடும். லண்டனில் பிறந்த பெடியன்கள், தாங்கள் ஒருநாளும் கண்ணால் காணாத பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்களாக இறங்குவார்கள். இதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வருவதில்லை. சந்தேகம் எல்லாம், எந்தப் பள்ளிக்கூடமும் இல்லாமல் ஒருவர் கரையில் நிற்கும்போதுதான் வரும்.

முதல் தடவை அவரைக் கண்டதும் அருளானந்தம் நேரே போய்க் கேட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஐயாவுக்கு ஊர் எது?"

"டெப்ட்ஃபர்ட்."

"அதில்லை. சொந்த ஊர்?"

"டெப்ட்ஃபர்ட்தான். அப்பாவுக்கு ஊர்காவற்றுறை."

"இஞ்ச என்ன செய்தனீங்கள்?"

"பந்து உதைச்சனான்."

"அது பொழுதுபோக்கு. வேலை என்ன செய்தனீங்கள்?"

"அதுதான் வேலை. சனிக்கிழமையில உதைக்கிறதுக்குச் சம்பளம் தந்தவங்கள்."

இவ்வளவும் பேசிய நேரத்தில் அவர் அருளானந்தத்தின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. குனிந்து அவருடைய சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார். இது எங்கள் கவனத்திலிருந்து தப்பவில்லை. கோயில் வாசலில் சப்பாத்துகள் காணாமற்போன காலம் அது.

இலங்கையில் போர் நிறுத்தம் வந்து, எல்லோரும் ஆளையாள் வழமையைவிடக் கூடுதலாகச் சந்தேகித்துக்கொண்டிருந்த வருடங்கள். போர் நடக்கும்போது யார் எந்தப் பக்கம் என்று ஓரளவு தெரியும். சமாதானத்தில் அது தெரியாது. ஆகவே ஹாரி அண்ணையைப் பற்றிப் பல கொள்கைகள் எழுந்தன. அவர் ஸ்கொட்லண்ட் யார்டின் ஆள் என்றார் ஒருவர். அவ்வளவு பழைய தமிழை ஒருவன் எங்காவது படித்துத்தான் பேசமுடியும் என்பது அவருடைய ஆதாரம். எங்களுக்குப் போட்டியாக இருந்த ஒன்றியம் அனுப்பிய ஆள் என்றார் இன்னொருவர். மலையாளியாக இருக்கலாம் என்று ஒரு கருத்து. அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்ற கொள்கையை மட்டும் யாரும் முன்வைக்கவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை.

அந்த வருடம் பிரதம விருந்தினராக யாரை அழைப்பது என்ற கேள்வி வந்தது. வழமையாக ஒரு வைத்தியரையோ வழக்கறிஞரையோ அழைப்போம். "உண்மையிலேயே விளையாடினவர் ஒராள் கரையில நிக்கிறார், அவரையே கூப்பிட்டால் என்ன?" என்று ஒரு இளைஞன் கூட்டத்தில் கேட்டுவிட்டான். கூட்டம் திடுக்கிட்டது. கடைசியில், அவரைப் போய்ப் பார்த்து உண்மை அறிந்து வருவதற்கு என்னைத் தெரிவு செய்தார்கள். மலரில் கட்டுரை எழுதுகிறவன் என்பதால், ஒருவர் பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும் என்று அருளானந்தம் சொன்னார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கோலியர்ஸ் வுட்டில், கவுன்சில் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் அவர் தனியாக இருந்தார். மனைவி முன்பே இறந்துவிட்டார். உள்ளே போனதும் நான் சுவர்களைப் பார்த்தேன். கிண்ணம் இல்லை, பதக்கம் இல்லை, அணியோடு கை கட்டி நிற்கிற படம் இல்லை. ஒரு மேசை, ஒரு கேத்தல், மகளுடைய கலியாணப் படம். இதுவே எனக்குப் பெரிய குழப்பத்தைத் தந்தது. ஒரு பொய்யன் வீட்டில் குறைந்தது ஒரு கிண்ணமாவது இருக்கும்.

"கப் ஒண்டையும் காணேல்லை" என்றேன்.

"கடைசிக்கு முதல் இடம் வந்தவைக்கு ஆர் தம்பி கப் தாறது?" என்றார்.

தேத்தண்ணி ஊற்றினார். நான் கேள்விகளை ஒழுங்காகக் கேட்டேன். அவர் ஒழுங்காகப் பதில் சொன்னார். தகப்பன் முருகேசு, கப்பலில் கரி அள்ளப் போனவர், தேம்ஸ் கரையில் இறங்கித் திரும்பி ஏறவில்லை. தாய் ஐரிஸ், டெப்ட்ஃபர்ட்டில் மீன் வெட்டியவர். மகன் தெருவில் பந்து அடித்து, தேம்ஸுக்குத் தெற்கே இருந்த ஒரு சிறிய கழகத்தில் சேர்ந்தார். மூன்றாம் பிரிவு. முகாமையாளர் முருகேசு என்ற பெயரைச் சொல்ல முயன்று பார்த்துவிட்டு, ஆட்டப் பட்டியலில் மரே என்று போட்டுவிட்டார். கூட்டம் அவரை மரே என்றும் கூப்பிடவில்லை. கூப்பிட்ட பெயர்களை அவர் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். தமிழில் எழுதினால் அவற்றுக்கு ஓர் அழகு வந்துவிடும், ஆகவே விடுகிறேன்.

"வலக் கரையில ஓடுறது என்ர வேலை. பந்து எனக்கு வரும். பின்னால ஒருத்தன் வருவான், காலில அடிக்க. பந்து போனபிறகும் அடிப்பான்."

"கோபம் வாறேல்லையோ?"

"ஏன் கோபம்? தோளில தட்டுறவனைவிடக் காலில அடிக்கிறவன் நேர்மையானவன். அவன் என்ன நினைக்கிறான் எண்டு உடனே தெரிஞ்சிடும்."

பிறகு முழங்கால் போய்விட்டது. பஸ்ஸில் கண்டக்டராக ஓய்வு வரை வேலை செய்தார். அதற்கு மேல் கதை இல்லை என்றார். ஒரு பெரிய கோல், ஒரு பெரிய ஆட்டம், ஒரு ராணி கைகுலுக்கியது, எதுவும் இல்லை. பொய் சொல்கிறவர் இவ்வளவு சாதாரணமான பொய்யையா சொல்வார் என்று நினைத்தேன். உடனே, கெட்டிக்காரப் பொய்யன் இப்படித்தான் சொல்வான் என்றும் நினைத்தேன்.

"நீர் இரண்டாவது தேத்தண்ணிக்கு நிக்கமாட்டீர்" என்றார் திடீரென்று.

"ஏன் அப்பிடிச் சொல்லுறியள்?"

"உம்மட முகம் என்னைப் பாக்குது. உம்மட கால் கதவைப் பாக்குது."

நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான்.

வாசலுக்கு வந்து வழியனுப்பும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாலை, சால்வை ஒண்டும் வேண்டாம் தம்பி. ஒருக்கா மைக்கில, ஊர்காவற்றுறை முருகேசுவின்ர மகன், பந்து விளையாடிப் பிழைச்சவன் எண்டு சொல்லுங்கோ. அப்பான்ர ஊர்ச்சனம் இருக்கிற இடத்தில அது ஒருக்காக் கேக்கவேணும். அவ்வளவுதான்."

நான் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அருளானந்தம் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊர்காவற்றுறை ஆட்களிடமே கேட்டுவிடுவது. அந்த ஊரின் பழைய மனிதர்கள் இப்போது ரொறொன்ரோவில் இருக்கிறார்கள். அவர்களில் ஊர்க்கதை எல்லாம் தெரிந்தவர் பொன்னம்பலம் என்பவர். எல்லோரும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்து அவரை அழைத்தோம்.

"முருகேசற்ற ஹாரியோ?" என்று ரொறொன்ரோவிலிருந்து குரல் மகிழ்ச்சியோடு வந்தது. "தெரியாமலென்ன! லண்டனில கப்பல் கொம்பனிக் கந்தோரில எழுத்து வேலை, கிளாக்கர். வெள்ளையளுக்கே கணக்குப் பாத்தவர். எங்கட ஊரில அந்த நாளில அவரைத் தெரியாத ஆளில்லை."

"உதைபந்து விளையாடினவரோ?"

"சீச்சீ. நல்ல பிள்ளை அவர். நான் சின்னனில பந்துக்குப் பின்னால ஓடித் திரிய, அப்பு பூவரசந் தடியால அடிக்கிறவர். முருகேசற்ற ஹாரியைப் பார், லண்டனில கிளாக்கர், நீ பந்து உதைக்கிறாய் எண்டு சொல்லிச் சொல்லி அடிக்கிறவர். ஹாரியின்ர பேரில நான் வாங்கின அடி கொஞ்சநஞ்சமில்லை."

அருளானந்தம் தொலைபேசியை வைத்துவிட்டு எங்களைச் சுற்றிப் பார்த்தார். வழக்கு முடிந்துவிட்டது. ஒரு மனிதன் பந்தாட்டக்காரனாக இருந்துகொண்டு கிளாக்கர் என்று சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கௌரவமான கிளாக்கர் ஒருவர் பந்தாட்டக்காரன் என்று சொல்லித் திரிந்தால், அவருக்கு ஏதோ உள்நோக்கம் இருக்கவேண்டும் என்று கூட்டம் ஏகமனதாக முடிவு செய்தது. அந்த வருடம் பிரதம விருந்தினராகக் கணக்காளர் ஒருவர் வந்தார். உதைபந்தாட்டம் உடலுக்கு நல்லது என்று பேசினார்.

ஆனாலும் ஹாரி அண்ணை வந்து வழமையான இடத்தில் நின்றார். அருளானந்தத்துக்கு மனம் ஆறவில்லை. இடைவேளையில், கௌரவம் என்ற பெயரில் ஒரு பரீட்சை வைக்க ஏற்பாடு செய்தார். பந்தைப் பெனால்ட்டிப் புள்ளியில் வைத்து, "ஹாரி அண்ணை, சனம் பாக்க ஒருக்கா அடியுங்கோ" என்று அழைத்தார். கோலுக்குள் ஒருவரும் இல்லை. வைத்தியர்கள், கணக்காளர்கள் எல்லோரும் கோட்டோரத்துக்கு வந்து நின்றார்கள்.

ஹாரி அண்ணை மேலங்கியின் பைகளிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

"சும்மா அடிக்கமாட்டன்."

"ஏன், காலில நோவோ?"

"கால் இருக்கு. நீர் என்ன வேலை தம்பி?"

"அக்கவுண்டன்ட்."

"இப்ப இந்தப் புல்லில இருந்து, சனம் பாக்க ஒருக்காக் கணக்குப் பாத்துக் காட்டும்."

கூட்டம் சிரித்தது. ஆனால் அருளானந்தத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஹாரி அண்ணையைப் பார்த்துத்தான் சிரித்தது. அடிக்கத் தெரியாததால்தான் சாட்டுச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எங்களுக்குத் தெரிந்த விளையாட்டுக்காரர் எல்லோரும் ஊரின் பெயருக்காகவும் பள்ளிக்கூடத்தின் பெயருக்காகவும் விளையாடியவர்கள்; சும்மா அடிக்கமாட்டேன் என்று சொன்ன ஒருவரை நாங்கள் அதுவரை கண்டதில்லை. அது கூலிக்கு வேலை செய்த ஒரு தொழிலாளி சொல்கிற சொல் என்பது எனக்குக்கூட அன்று பின்னேரம்தான் உறைத்தது.

பின்னேரம் அவரோடு பஸ் தரிப்பிடம் வரை நடந்தேன். ரொறொன்ரோச் சாட்சியத்தைச் சொன்னேன். ஒளிப்பதற்கு எதுவும் இல்லை என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். பஸ் தரிப்பிடக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"கிளாக்கர்! இன்னும் கிளாக்கர்! என்ர அப்பன் கெட்டிக்காரன் தம்பி. அவன் கட்டினது இத்தனை வருசம் இடியாமல் நிக்குது."

பிறகு சொன்னார். மகன் பந்து உதைத்துப் பிழைக்கிறான் என்று முருகேசு ஊருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், வேறு ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஊர் நினைத்திருக்கும். கப்பலில் ஊருக்குத் திரும்புகிற ஒவ்வொருவரிடமும், மகன் கப்பல் கொம்பனியில் கிளாக்கர் என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கிளாக்கருக்கு ஊரிலிருந்து சம்பந்தங்களும் வந்தன. பெண்ணின் சாதகம்கூட ஒரு தடவை கப்பலேறி வந்ததாம். மகனுக்குக் கந்தோரில் வேலை அதிகம், இப்போது கலியாணம் முற்றாக்க ஏலாது என்று முருகேசு மறுமொழி சொன்னார்.

"அப்ப அவர் நீங்கள் விளையாடினதைப் பாக்கேல்லையோ?"

"பாக்காமல்! ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவார். ஆனா எங்கட பக்கம் நிக்கமாட்டார். கப்பல்காரர் ஆரும் கண்டால் எண்ட பயம். கோலுக்குப் பின்னால, மற்றக் கழகத்தின்ர ஆக்களுக்குள்ள, அவங்கட நிறச் சால்வையைச் சுத்திக்கொண்டு நிப்பார். ஆரும் கேட்டால் அந்தக் கழகத்தைப் பாக்க வந்தனான் எண்டு சொல்ல."

பஸ் ஒன்று வந்தது. அவர் ஏறவில்லை.

"ஒருக்கா அந்தப் பக்கக் கோலுக்குள்ள அடிச்சுப்போட்டன். அங்க நிண்டவன் ஒருத்தனும் கை தட்டேல்லை, தட்டுவாங்களே? அப்பாவும் தட்டேல்லை. முகத்தைப் பாத்தால், செத்தவீட்டில நிக்கிறமாதிரி. கம்பிக்குக் கீழால அவற்ற காலைக் கண்டன். இரண்டு குதியும் நிலத்தில இல்லை. விரலில எழும்பி நிண்டவர். அண்டையோட நான் ஆற்ற முகத்தையும் பாக்கிறதை விட்டிட்டன். முகம் ஊருக்காகப் பொய் சொல்லும். காலுக்கு அந்தப் பழக்கமில்லை."

இதைக் கூட்டத்தில் நான் சொல்கிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்றேன். சொல்லக்கூடாது என்றார். முகம் மாறிவிட்டது.

"என்னை ஆட்டக்காரன் எண்டு நிறுவிறதுக்கு அப்பாவைப் பொய்யனாக்கவோ? அவற்ற ஊர்ச்சனத்துக்கு முன்னாலயோ? வேண்டாம். நான் போனபிறகு சொல்லும். அங்க அவரும் நானும் ஒரே அணியில நிப்பம், ரெண்டுபேருமாச் சமாளிப்பம்."

"உங்களுக்கு மைக்கில சொல்லவேணும் எண்டு ஆசை."

"ஆசைதான்" என்றார். "அதுக்காக?"

அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனார். பிறகு ஒவ்வொரு வருடமும் வந்தார், கரையில் நின்றார், கிளாக்கர் என்று சிலர் அவர் காது படச் சொல்லிச் சிரித்தபோது, தலையை ஆட்டினார். ஒரு தடவை சிறுவன் ஒருவன் அவரிடம் கணக்குப் பாடம் கேட்டு வந்தான். தெரியாது என்று சொல்ல முடியாமல் அவர் பட்ட பாடு பெரிது.

செத்தவீட்டுக்கு வருகிறேன். தென் லண்டனில் ஒரு தகனச் சாலை. ஹாரி அண்ணைக்கு ஒரு ஊரும் இல்லை என்று இத்தனை வருடம் சொன்னவர்கள், இப்போது மூன்று சங்கங்களாக மூன்று மலர்வளையம் கொண்டுவந்தார்கள். மூன்றிலும் "எமது மண்ணின் மைந்தன்" என்று எழுதியிருந்தது. மூன்று மண். ஒரு வளையத்தில் "ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்" என்றும் போட்டிருந்தார்கள். நான் ஷீலாவைப் பார்த்தேன். அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "அங்கிள், டாட் உங்களுக்கு ஏதோ சொல்ல அனுமதி தந்திருக்கிறார். எப்போது வேண்டுமானாலும் சொல்லுங்கள்." அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேச்சாளர்களின் வரிசை நீளமாக இருந்தது.

அப்போதுதான் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தடியூன்றி உள்ளே வந்தார். பெயர் ரெஜ். ஷீலாவின் கையைப் பிடித்து, "மரேக்காக வருந்துகிறேன்" என்றார்.

"வேறை ஆற்றையோ செத்தவீட்டுக்கு வந்திட்டார் போல" என்று அருளானந்தம் என் காதில் சொன்னார். பிறகு, தலைவர் என்ற கடமையில், அவரை அணுகி ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டார். காலம் சென்றவர் ஒரு கிளாக்கர். தங்களுக்கு அவரைக் கந்தோரில் பழக்கமா?

"கிளாக்கரா?" என்றார் ரெஜ். மண்டபம் முழுவதும் கேட்கக்கூடிய குரல். "ஐயா, நான் இடது கரையில் காவல் நின்றவன். வேறு கழகம். அவன் எங்கள் மைதானத்துக்கு வரும்போதெல்லாம் அவனை உதைத்திருக்கிறேன். அவனுடைய மைதானத்துக்குப் போயும் உதைத்திருக்கிறேன். கிளாக்கரை யார் உதைப்பார்கள்?"

அவர் நிறுத்தவில்லை.

"அவன் ஒருநாளும் பந்தை இன்னொருவனுக்குக் கொடுத்ததில்லை. நான் தொடுவதற்கு முதலே விழுவான். தலையால் அடிக்கத் தெரியாது. ஒரு நாள் என் மாமனார் குடும்பம் முழுவதும் பார்க்க வந்திருந்தது. அன்றைக்குப் பார்த்து என் இரண்டு காலுக்கும் நடுவால் பந்தை விட்டுவிட்டு, சுற்றி ஓடிப்போய் அதை எடுத்தான். அதை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் மன்னிக்கவில்லை."

அதுவரை பேசியவர்கள் எல்லோரும் ஹாரி அண்ணையைப் பண்பாளர், பக்திமான், பழக இனியவர் என்றார்கள். அவற்றில் ஒன்றையும் நான் நம்பவில்லை. ரெஜ் சொன்னதில் ஒரு நல்ல வார்த்தை இல்லை, ஒவ்வொன்றையும் நம்பினேன். ஒருவரைப் பற்றி இவ்வளவு குறை சொல்வதற்கு, அவர் அங்கே இருந்திருக்கவேண்டும்.

"இந்த வெள்ளையை ஆர் அனுப்பினது?" என்று அருளானந்தம் கேட்டார். அவரைக் குற்றம் சொல்லமுடியாது. அவர் கொள்கையில் உறுதியானவர்.

பெட்டி உள்ளே போகிற நேரம், எல்லோரும் எழுந்து நின்றோம். நான் முகங்களைப் பார்க்கவில்லை. குனிந்து சப்பாத்துகளைப் பார்த்தேன். நல்ல, துடைத்த, கறுப்புச் சப்பாத்துகள். முகங்கள் பெட்டியைப் பார்த்திருக்கும் என்று நினைக்கிறேன். சப்பாத்துகள் கதவைப் பார்த்தன. சாப்பாடு வேறு மண்டபத்தில் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். ஷீலாவின் சப்பாத்துகளைத் தவிர, ஒரு சோடி மட்டும் நேரே பெட்டியைப் பார்த்து நின்றது. பழைய, பழுப்பு நிறச் சப்பாத்து. பக்கத்தில் ஒரு தடி.

இந்த வருடப் போட்டியில் மைக் என் கைக்கு வந்தது. பிரதம விருந்தினர் பல் வைத்தியர். அவரை அறிமுகம் செய்யச் சொல்லியிருந்தார்கள். செய்தேன். பிறகு மைக்கைத் திருப்பிக் கொடுக்காமல் சொன்னேன்: ஊர்காவற்றுறை முருகேசுவின் மகன் ஹாரி, டெப்ட்ஃபர்ட்டில் பிறந்தவர், இந்த நாட்டில் உதைபந்து விளையாடிப் பிழைத்தவர். அவர் கிளாக்கர் அல்ல. ஒருநாளும் கிளாக்கராக இருந்ததில்லை. அவர் தகப்பன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் நாங்கள். நாங்கள் என்ன சொல்வோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பக்கத்துக் கதிரையைப் பார்த்துச் சொன்னது மைக்கிலும் கேட்டது. "கிளாக்கர் எண்டல்லோ கேள்விப்பட்டனாங்கள். இவர் ஏன் இப்ப மாத்திச் சொல்லுறார்?"

ஆனாலும் கைதட்டினார்கள். நல்ல கைதட்டல்.

ஹாரி அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கம் மட்டும்தான். கைதட்டல் கேட்டபோது நான் கைகளைப் பார்க்கவில்லை. பெரும்பாலான கால்கள் கொத்துரொட்டிக் கூடாரத்தைப் பார்த்து நின்றன. பின்வரிசையில், எனக்குப் பெயர் தெரியாத ஒருவருடைய குதிகள் இரண்டும் நிலத்தைவிட்டுக் கொஞ்சம் எழும்பியிருந்தன. உயரம் காணாமல் எட்டிப் பார்த்தாரா, வேறு காரணமா என்று எனக்குச் சந்தேகம்தான். பிறகு குனிந்து என்னுடையதைப் பார்த்தேன். ஒரு கால் மைதானத்தைப் பார்த்து நின்றது. மற்றது, உள்ளதைச் சொன்னால், கொத்துரொட்டியை.